நீர்மட்டமும் நெல்மணியும்

'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளினின்றே பொருள்கள் யாவும் தோன்றுகின்றன. தகவலே அனைத்திற்கும் மூலம் என அமெரிக்க இயற்பியலறிஞர் ஜான் வீலர் 1989இல் உரைத்தார். கவர்ச்சியான கருத்துதான், ஆயினும் மேட்டூர்க் கரையில் நின்று நாம் அதை உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நாளேடுகளில் வரும் நீர்மட்ட எண்ணைப் பார்த்தே, குறுவைக்கு நாற்றுவிடுவதா, பொறுப்பதா எனத் தஞ்சை உழவர் எண்ணுகின்றார். ஓர் எண் வயல்களையெல்லாம் இயக்குகின்றது. வீலர் கூற்றில் நியாயம் உண்டென்றே இங்குத் தோன்றும்.

ஆனால் 2024இல், வழக்கமான ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. எண் சரியாகவே இருந்தது. போதிய நீர்தான் இல்லை. விதைநெல்லினுள்ளும் மரபணுத் தகவல் முழுமையாகவே உறங்குகின்றது. நீரின்றி அது முளைப்பதில்லை.

தகவலை அளக்கும் கணிதத்தை 1948இல் வகுத்த கிளாட் ஷானன், அர்த்தத்தைத் தம் கணக்கினின்று விலக்கியே வைத்தார். அர்த்தம் படிப்போரிடத்தே பிறக்கின்றது. உயிரணுவினுள் அப்படிப்பை ரைபோசோம் செய்கின்றது. அதன் அமைப்பை ஆய்ந்து 2009இல் நோபெல் பரிசில் பங்கு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், காவிரிப் பாசனத்தின் கடைமடையாகிய சிதம்பரத்தில் பிறந்தவர்.

ஆகவே தகவல் வழிகாட்டும். வாழ்விக்க நீரும் வேண்டும், படிப்போரும் வேண்டும். எண்ணைப் போற்றுவோம், அதனையே ஆறென மயங்கோம்.