வெடித்த பாலமும் மறைந்த மனிதரும்

பழைய திரைப்படங்களின் செட்டுகளைக் கண்டு இன்றைய மாணவர் நகைப்பது வழக்கம். துணியில் தீட்டிய மலை, அட்டையில் செய்த கோட்டை என்று கேலி பேசுவர். இந்நகைப்பு நியாயமானதன்று. செயற்கை என்பது கலையில் குற்றமாகாது. மாசி மாதத்தில் நமது தோட்டங்களிலே காமன் கூத்து ஆடப்படும்போது கோட்டையுமில்லை, திரைச்சீலையுமில்லை. கம்பம் நட்ட மண்ணே கயிலையாகின்றது. ஆடுவோரும் காண்போரும் அப்புனைவை அறிந்தே அதிலிருந்து உண்மையைப் பெறுகின்றனர். ஆகவே ஒரு செட்டைப் பற்றி நாம் கேட்கவேண்டியது, அது யாரை முன்னிறுத்துகிறது, யாரை மறைக்கிறது என்பதேயாகும்.

1954இல் வெளிவந்த 'எலிபன்ட் வோக்', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஹொலிவூட் படம். 1953இல் இங்கு வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டன. நாயகி விவியன் லீ நோயுற்று விலகவே, எலிசபெத் டெய்லர் அவ்விடத்துக்கு வந்தார்; துரையின் மாளிகை பரமவுண்ட் ஸ்டூடியோவில் எழுந்தது. தொலைவிலிருந்து எடுத்த சில காட்சிகளில் இன்றும் தெரிபவர் விவியன் லீயே. இவ்வொட்டுவேலை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். யானைகளின் வழியை மறித்துக் கட்டிய பங்களாவை யானைகளே அழிப்பதுதான் கதை. இடையிலே வாந்திபேதி பரவுகிறது; மடியும் தொழிலாளர் துரைசானியின் கருணையைக் காட்டும் பின்னணியாகின்றனர். அவ்வாண்டிலே, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட லட்சக்கணக்கான மக்கள் மலைநாட்டு லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். கமராவின் கண்ணுக்கு யானைகள் தென்பட்ட அளவுக்கு அவர்கள் தென்படவில்லை.

இதனினும் பாரதூரமான உதாரணம், டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' (1957). சயாம் நாட்டுக் கதைக்காகக் கித்துல்கலையில், களனி கங்கையின் குறுக்கே, மரத்தால் மெய்ப்பாலமே கட்டப்பட்டது. மெய்யான புகைவண்டி ஒன்று அதன்மீது ஓட, 1957 மார்ச்சில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அட்டைச் செட்டுக்கு இல்லாத நம்பவைக்கும் வலிமை அதற்கு உண்டு. வரலாற்றில் அப்பாலத்தைச் சேதப்படுத்தியவை 1945இல் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளே. கதையின் தேவைக்காக இதை மாற்றியமையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கவியலாதது வேறொன்று. 1942, 43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் சயாம்–பர்மா ரயில்பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலைவாங்கப்பட்டனர். ஏறக்குறைய 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ 1,80,000க்கு மேல் என்றும், அவர்களுள் மாண்டோர் சுமார் 90,000 என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். நம் முன்னோரைக் கண்டிச் சீமைக்கு அனுப்பிய பஞ்சக் கிராமங்களே அவர்களையும் கடல் கடக்கச் செய்தன. படத்திலோ பாலம் கட்டுவோர் பிரித்தானியப் படைவீரரே. அலெக் கின்னஸின் நடிப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், ஓர் அதிகாரியின் மானப் பிரச்சினைக்கு இத்துணை இடமளித்த கலைஞருக்கு, பெயரின்றிப் புதைக்கப்பட்ட கூலிக்காரனுக்கு ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை.

மறைக்கப்பட்டோர் படத்துக்கு வெளியிலும் இருந்தனர். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் அமெரிக்காவின் கம்யூனிச வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். ஒஸ்கார் விருது மூலநாவலை எழுதிய பியர் பூலின் பெயரில் வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னர், இருவரும் மறைந்த பிறகே, அவ்விருது அவர்களுக்கு உரியதாக்கப்பட்டது. அந்தத் தொழிலாளருக்கோ திரையில் அத்தகைய பரிகாரம் எதுவும் கிட்டவில்லை. அவர்களைப் பாத்திரங்களாக்கும் பணியை 'சயாம் மரண ரயில்' எழுதிய ஆர். சண்முகம் போன்ற மலேசியத் தமிழ் நாவலாசிரியரே ஏற்றனர்.

அட்டன் வழியாகக் கொழும்பு செல்வோர் கித்துல்கலையில் இறங்கி, பாலம் நின்ற இடத்தைப் பார்க்கின்றனர். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் படம் எடுத்த கதையோடு நிறுத்திவிடலாகாது. மெய்யான பாதையை எவர் அமைத்தனர், அவர்கள் எந்த ஊரார், திரையில் ஏன் இல்லை என்ற வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். விடைகளை மாணவர் தமது பாட்டன், பாட்டிமாரின் வரலாற்றோடு ஒப்புநோக்கட்டும்.