முள் காட்டும் மூச்சு

உத்திரமேரூர்ப் பக்கம் அறுவடை முடிந்த நாட்களில் நெல் அவிக்கும் அரிசி ஆலைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வெந்த நெல்லின் வாசம். அடுத்ததாகக் கண்ணில் படுவது பாய்லரின் நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும் வட்டமான பிரஷர் கேஜ். உமிச் சாம்பல் படிந்து மங்கிய கண்ணாடி, அதற்குள் ஒற்றை முள். பாய்லர் பார்ப்பவர் உமியைத் தள்ளிவிட்டு நிமிரும்போதெல்லாம் அந்த முள்ளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம்.

இந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்கக் கிழக்கே வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் ஆலையில் நீராவிக்குக் காவல் இருக்கும் முள்ளும், கடலுக்குள் முக்குளிப்பவரின் மூச்சுக்குக் காவல் இருக்கும் முள்ளும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டுக்கும் மூலம் ஒரு வளைந்த குழாய்தான்.

அந்தக் குழாயைத் தந்தவர் யூஜின் பூர்தோன் என்ற பாரிஸ் நகரத்துக் கருவி வினைஞர். கடிகார வேலை தெரிந்தவர். நீராவி இயந்திரம் ஒன்றுக்குச் சுருள் குழாய் செய்துகொண்டிருந்தபோது அது ஒரு பக்கம் நசுங்கிவிட்டது என்றும், நசுங்கலை எடுக்க உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது சுருள் தானாக விரிந்ததைக் கண்டார் என்றும் சொல்வார்கள். வேறொருவராக இருந்தால் கெட்டுப்போன குழாயைத் தூக்கி எறிந்திருப்பார். பூர்தோன் அந்த விரிவை அளக்கத் தொடங்கினார். 1849-ல் காப்புரிமை பெற்றார். தட்டையாக்கி, பிறை போல வளைத்து, ஒரு முனையை மூடிய உலோகக் குழாய். அழுத்தம் உள்ளே ஏறினால் பிறை கொஞ்சம் நிமிரும், இறங்கினால் பழையபடி வளையும். முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். அதைச் சின்னஞ்சிறு பல்சக்கரங்கள் பெருக்கிக் கொடுக்க, முள் முகப்பின் முக்கால் வட்டத்தைச் சுற்றி வருகிறது. கடிகாரக்காரரின் கை அதில் தெரிகிறது. பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

முக்குளிப்பவர் கையில் இருக்கும் கேஜ் உள்ளங்கைக்குள் அடங்கும். முதுகில் உள்ள சிலிண்டரின் வால்வில் ரெகுலேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸின் நுனியில், இடது விலாவை ஒட்டி இது கிடக்கும். முகப்பில் 0 முதல் 350 அல்லது 400 வரை எண்கள், ‘பார்’ என்ற அழுத்த அலகில். 0 முதல் 50 வரை சிவப்புப் பட்டை. இருட்டில் தெரிய ஒளிரும் பூச்சு. அவ்வளவே அலங்காரம். தேவையில்லாத ஒரு கோடுகூட அந்த முகத்தில் இருக்காது.

அதன் வேலைப்பாட்டை ரசிக்க முகப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. ஹோஸ் ரெகுலேட்டரில் சேரும் இடத்தில் காற்று நுழையும் துளை ஊசிமுனை அளவுதான். ஹோஸ் வெடித்தாலும் காற்று அந்தத் துளை வழியாகவே வெளியேற வேண்டும். சத்தமும் குமிழிகளும் மிரட்டுமே தவிர, சிலிண்டர் சட்டென்று காலியாகாது. மேலே வந்து சேர அவகாசம் கிடைக்கும். கேஜின் பெட்டியிலும் ஒரு சிறு அடைப்பான் உண்டு. உள்ளே குழாய் கசிந்து அழுத்தம் சேர்ந்தால் கண்ணாடி உடைவதற்கு முன்பு அது பிதுங்கி வழிவிடும். கேஜும் ஹோஸும் சேரும் கழுத்தில் இரண்டு குட்டி ஓ-ரிங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. கேஜை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது அவற்றால்தான். அங்கிருந்து ஒரு பொட்டுக் குமிழி தொடர்ந்து வந்தால் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

படகில் அமர்ந்து தயாராகும் ஒரு முக்குளிப்பவரைக் கவனித்தால் தெரியும். சிலிண்டர் வால்வைத் திறப்பதற்கு முன் கேஜின் முகத்தைத் தன்னிடமிருந்து விலக்கிப் பிடிப்பார். பழுதான கேஜாக இருந்தால் அழுத்தம் பாயும் முதல் நொடியில்தான் கண்ணாடி தெறிக்கும். வால்வு திறந்ததும் முள் துள்ளி 200-ஐத் தொடும். அடுத்து அவர் செய்வது இன்னும் அழகு. ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியை வாயில் வைத்து, கண்ணை முள்ளின்மேல் நிறுத்தி, நாலைந்து முறை ஆழமாக இழுப்பார். முள் அசையாமல் நின்றால் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது. மேலே தாராளமாக வரும் காற்று ஆழத்தில் போதாமல் போகும். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல, தன் கருவியின் நாடியை அவர் பார்த்துக்கொள்கிறார்.

உத்திரமேரூர்க்காரருக்குக் கணக்கின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் இங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காக உலகப் புகழ் பெற்றவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது என்பது அவற்றில் உள்ள விதி. ஏரி வாரியம், பொன் வாரியம் என்று தண்ணீருக்கும் தங்கத்துக்கும் தனித்தனியாகப் பொறுப்பாளர் வைத்த சபை அது. கடலுக்கடியில் மூச்சுக்கு அப்படி ஒரு கணக்கர் தேவைப்படுகிறார். அந்த வேலையைத்தான் கேஜ் பார்க்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். முக்குளிப்பில் பரவலாகப் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் 2,200 லிட்டருக்கு மேல் காற்று அடைபட்டிருக்கும். ஓய்வாக நீந்தும் ஒருவருக்கு நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். ஆகவே 10 மீட்டரில் அதே மூச்சுக்கு 40 லிட்டர், 20 மீட்டரில் 60, 30 மீட்டரில் 80 லிட்டர் போகும். 50 பாரைக் கையிருப்பாக விட்டு 150 பாரை மட்டும் செலவு செய்தால், 20 மீட்டரில் சுமார் 28 நிமிடம் கிடைக்கும். 30 மீட்டரில் சுமார் 21 நிமிடம்தான். பதற்றத்தில் மூச்சு வேகமானால் இதுவும் குறையும். நிமிடத்தை வைத்து மூச்சைக் கணிக்க முடியாததால்தான் அழுத்தத்தை நேரே பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்திகளில் முக்குளிப்பவரின் சிலிண்டரை ‘ஆக்ஸிஜன் சிலிண்டர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் அதே காற்று, வடிகட்டி அழுத்தி நிரப்பியது. தூய ஆக்ஸிஜனைக் கொண்டு ஆழத்தில் இறங்கினால் வலிப்பு வந்து உயிரே போகக்கூடும்.

கேஜ் வருவதற்கு முன் மூச்சுக்குக் கணக்கு வைத்தது யார்? மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் அந்தப் பொறுப்பு படகில் நின்று கயிறு பிடித்தவரிடம் இருந்தது. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து ஆழத்துக்குப் போவார். கல் தரை தொட்டதும் அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் ஒரே மூச்சில் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, இன்னொரு கயிற்றைச் சுண்டியதும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நிமிடத்தைச் சுற்றியே நடந்து முடிகிற வேலை. கயிறு பிடிப்பவர் அசந்தால் உயிர் போய்விடும். அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள் என்று தென்பாண்டிக் கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பான் அல்லவா? மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற சொலவடை கடலில் இறங்குபவருக்கும் பொருந்தியது. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

மேலை நாட்டிலும் கதை நேராகப் போய்விடவில்லை. பிரெஞ்சுக்காரர்களான ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943-ல் அக்வாலங் என்ற மூச்சுக் கருவியைக் கொண்டுவந்து மனிதனைக் கயிற்றிலிருந்து விடுவித்தார்கள். ஆனாலும் அதன்பின் வெகுகாலம் கேஜ் இல்லாமலே பலர் கடலில் இறங்கினார்கள். சிலிண்டரின் கழுத்தில் ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று இருக்கும். காற்று குறைந்ததும் மூச்சு இழுக்கக் கடினமாகும். அப்போது முதுகுப் பக்கம் தொங்கும் கம்பியைக் கீழே இழுத்தால் கையிருப்புக் காற்று திறக்கும். மூச்சு முட்டினால்தான் சேதி தெரியும் என்ற ஏற்பாடு அது. கம்பி எங்காவது சிக்கித் தானே இறங்கியிருந்தால், கையிருப்பும் தெரியாமல் தீர்ந்திருக்கும். அந்த வால்வைப் புழங்கிய பழைய ஆட்களுக்குக் கேஜின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கும்.

கேஜ் வந்த பிறகு அதைச் சுற்றிக் கைமொழி ஒன்று வளர்ந்தது. கூட நீந்துபவரைப் பார்த்து இரண்டு விரல்களை உள்ளங்கையில் வைத்தால், ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று பொருள். இரண்டு கைகளால் ‘டி’ எழுத்துப் போலக் காட்டினால் பாதி, அதாவது 100 பார். மூடிய முஷ்டியை மார்பில் வைத்தால் 50-க்கு வந்துவிட்டது. கையைக் கழுத்தில் அறுப்பதுபோல அசைத்தால் காற்றே இல்லை. கயிறு பிடித்த மச்சானின் இடத்தில் இப்போது பக்கத்தில் நீந்தும் துணை இருக்கிறார். இருவருக்கும் நடுவே சாட்சியாக முள் நிற்கிறது.

இந்தக் கலை காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது. 2002-ல் மாமல்லபுரம் கடலில் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுக் கழகமும் சேர்ந்து முக்குளித்துத் தேடின. 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமானங்களின் எச்சங்களைக் கண்டன. அன்று மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல். 6 மீட்டர் ஆழத்தில் மேலே சொன்ன சிலிண்டர் 50 நிமிடத்துக்கு மேல் தாங்கும். கற்களை அளக்கவும் வரையவும் அந்த நேரம் தாராளம். வேலையில் மூழ்கி மூச்சை மறக்கவும் அது தாராளம். கலங்கிய தண்ணீரில் கேஜை முகமூடிக் கண்ணாடிக்கு ஒட்டிப் பிடித்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டியிருக்கும்.

இன்று மணிக்கட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. ரெகுலேட்டரில் திருகிய சிறு டிரான்ஸ்மிட்டர், ஹோஸ் இல்லாமலே அழுத்தத்தை அனுப்புகிறது. ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் அதிக தூரம் போகாது. முதுகிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தால் போதும் என்பதால் அது சாத்தியமாகிறது. இன்னும் எத்தனை நிமிடம் இந்த ஆழத்தில் இருக்கலாம் என்பதையும் கம்ப்யூட்டரே கணக்கிட்டுச் சொல்லும். நல்ல வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கட்டியவர்களிலும் பலர் பழைய பித்தளைக் கேஜைக் கழற்றுவதில்லை. பேட்டரி தீர்ந்தால் திரை கறுத்துவிடும். முள்ளுக்குப் பேட்டரி ஏது? இன்னொரு காரணமும் உண்டு. எண்ணைப் படிக்க வேண்டும். முள்ளைப் படிக்க வேண்டியதில்லை, அது சாய்ந்திருக்கும் கோணமே போதும். மணிக்கூண்டுக் கடிகாரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து நேரம் சொல்வதுபோல, ஓரக்கண்ணால் முக்கால், பாதி, கால் என்று தெரிந்துகொள்ளலாம். பயம் தொற்றிய மனத்துக்கு அதுவே சுலபம். அந்த வகையில் பூர்தோனின் முள்ளை மிஞ்சிய முகப்பு இன்னும் வரவில்லை.

முள்ளுக்கும் குறை உண்டு. அடிபட்ட கேஜில் முள் சிக்கி ஒரே இடத்தில் நின்றுவிடும். சிலிண்டரைக் கழற்றிய பிறகும் முள் 0-க்கு வராமல் 10-லோ 20-லோ நின்றால் அந்தக் கேஜை நம்பக் கூடாது. காற்று அடைக்கும்போது சிலிண்டர் சூடாவதால், நிரப்பும் இடத்தில் 200 காட்டியது கடல்நீரில் குளிர்ந்ததும் 185-க்கு இறங்கும். அது கசிவு ஆகாது. பழகியவர்கள் இதையெல்லாம் சேர்த்தே முள்ளைப் பார்க்கிறார்கள்.

உத்திரமேரூர் வயல்வெளிக் கிணறுகளுக்கும் இப்படி ஒரு பழைய மூச்சுக் கருவி உண்டு. தூர் வார இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லை. எத்தனையோ உயிரைக் காத்த முறைதான். ஆனால் நச்சு வாயு இருந்தாலும் விளக்கு எரியக்கூடும். எரியக்கூடிய வாயு தேங்கியிருந்தால் அந்தச் சுடரே வினையாகிவிடும்.

ஆகவே கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இன்னொருவர் அப்படியே இறங்க வேண்டாம். ஒருவருக்குப் பின் ஒருவராக இறங்கி ஒரே வீட்டில் பலர் போன சாவுகள் போதும். உடனே 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். வரும் தீயணைப்பு வீரரின் முதுகில் காற்றுச் சிலிண்டர் இருக்கும். தோள்பட்டையில் அதே வட்ட முகப்பும் அதே முள்ளும் இருக்கும். முள் 55 பாரை நெருங்கும்போது கருவி விசில் ஊதித் திரும்பச் சொல்லும்.