பார்க்காமல் வாங்கும் ஜோடி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அரை நாள் நின்று பார்த்தால், அங்கே தைப்பதற்குச் சமமாகப் பார்ப்பதும் ஒரு வேலை என்பது புரியும். தோல் வந்ததும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள்: உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கழுத்துப் பக்கச் சுருக்கம். கட்டிங்கில் இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும்படி பக்கத்தில் பக்கத்தில் டை வைத்து வெட்டுவார்கள். அப்பர் என்னும் மேல்பகுதியைத் தைத்த பிறகு ஒரு பார்வை, லாஸ்ட் என்னும் கால் அச்சில் இழுத்த பிறகு ஒரு பார்வை, பெட்டியில் போடும் முன் கடைசியாக ஒன்று. இத்தனைக்கும் பல மாதம் முன்பே சாம்பிள் வெளிநாட்டுக்குப் போய், வாங்குபவர் ஒப்புதல் கொடுத்திருப்பார். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக, பார்க்காமல் எதையும் வாங்காத ஆட்களுக்குச் சரக்கு செய்து கொடுத்துப் பிழைக்கும் ஊர்கள் இவை.

இங்கிருந்து பார்க்கும்போது, பார்பி வகைப் பொம்மைகளுக்கான குட்டி ஷூக்களை மூடிய சர்ப்ரைஸ் பெட்டியில் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் கொஞ்சம் விநோதமாகத்தான் தெரிகிறது. உள்ளே ஹீல்ஸா, பூட்ஸா, ஸ்னீக்கரா தெரியாது. நிறம் தெரியாது. ஏற்கெனவே வைத்திருப்பதே மறுபடி வருமா என்பதும் தெரியாது. காசு கொடுத்த பிறகுதான் பொருளின் முகம். ஆனாலும் உலகம் முழுக்கக் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள். சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

முதலில் அந்தப் பொருளையே கையில் எடுத்துப் பார்ப்போம். பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம். மனித உருவத்தில் ஆறில் ஒரு பங்கு. அவளுடைய ஹீல்ஸ் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். மென்மையான பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி ஒரே மூச்சில் எடுத்தது. உற்றுப் பார்த்தால் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மயிரிழைக் கோடு ஓடும். குதிகாலின் அடியிலோ உள்பக்கத்திலோ பிளாஸ்டிக் நுழைந்த இடம் மச்சம் மாதிரி துருத்தி நிற்கும். பாதம் நுழைய வேண்டுமே என்பதற்காகச் சிலவற்றில் பின்பக்கம் ஒரு கீறல். தையல் இருந்தால் அதுவும் அச்சில் பதித்த புள்ளி வரிசைதான். அப்பர், இன்சோல், சோல் என்ற பிரிவே கிடையாது.

தோலில் செய்தால் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெண்கள் ஷூவின் மேல்தோல் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தோலைப் பொம்மைக் காலில் போட்டால், நம் காலில் ஏழு மில்லிமீட்டர் தடிமனான தோலை மாட்டியது போலிருக்கும். அளவு பொருந்த வேண்டுமானால் 0.2 மில்லிமீட்டருக்குச் சீவ வேண்டும். சென்டிமீட்டருக்கு நான்கு தையல் என்பது இருபத்து நான்காக வேண்டும். உருவத்தைச் சுருக்கலாம், தோலின் குணத்தைச் சுருக்க முடியாது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் ஜுமோ நிறுவனத்தின் பொம்மைகள் போட்டிருந்த, அடியில் தேனீ முத்திரை பதித்த தோல் ஷூக்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். அந்த ஷூவில் ஒரு கை வேலை செய்தது தெரியும்.

இந்தப் பழக்கத்தின் உண்மையான பலமும் இங்கேதான். ஒரு குழந்தை முப்பது குட்டி ஷூக்களை வரிசையாக அடுக்கி வைத்தால், அவளை அறியாமலே காலணியின் இலக்கணம் கண்ணில் பதிகிறது. பின்பக்கம் திறந்தது மியூல், மூடியது பம்ப், அடி முழுக்கக் கட்டையாக இருந்தால் வெட்ஜ். காலத்தையும் படிக்கலாம். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் முதல் பார்பியை வைத்தபோது அவள் காலில் முன்விரல் தெரியும் கறுப்பு மியூல். அந்த முதல் வகைப் பொம்மையின் உள்ளங்காலில் துளை உண்டு, ஷூவின் அடியிலும் துளை உண்டு. நிற்க வைக்கும் தாங்கியின் கம்பி இரண்டையும் துளைத்து மேலே போகும். நிற்க முடியாத காலுக்கு நிற்க முடியாத செருப்பு! அதற்குப் பிறகு வந்த தட்டை பூட்ஸ், கனத்த பிளாட்ஃபார்ம், ஸ்னீக்கர் என்று ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்துப் பெண் எப்படி நடப்பாள், அல்லது எப்படி நடக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள் என்பதைச் சொல்கிறது. 2015இல்தான் பரவலாகப் பார்பிகளுக்குக் கணுக்கால் மடங்கியது. பாதத்தைத் தரையில் பதிக்க முடிந்தது. ஒரு பொம்மை பரவலாகத் தட்டைச் செருப்பு போட ஐம்பத்தாறு வருஷம் ஆயிற்று என்பதை ஒரு சேகரிப்பாளர் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

ஆக, கண்ணைப் பழக்குவதுதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம். மூடிய பெட்டி சரியாக அந்த லாபத்தில்தான் கை வைக்கிறது.

தேர்ந்தெடுக்கும்போதுதான் கண் வேலை செய்கிறது. இரண்டு ஜோடியை அருகருகே வைத்து இது ஏன் பிடிக்கிறது, அது ஏன் வேண்டாம் என்று தயங்கும் அந்த அரை நிமிடம்தான் ரசனை வளரும் நேரம். பெட்டி அந்தத் தயக்கத்தை ரத்து செய்துவிட்டு, அதன் இடத்தில் "வந்துச்சா, வரலையா" என்ற ஒரே கேள்வியை வைக்கிறது. ஷூவைப் பார்ப்பது போய், பட்டியலில் டிக் அடிப்பது வந்துவிடுகிறது. இந்தப் பெட்டிகளோடு அநேகமாக ஒரு பட்டியல் தாளும் வருவது தற்செயல் இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொடரில் பன்னிரண்டு வகை, எல்லாம் சம வாய்ப்பு என்றால், முதல் ஆறு வகை சேரச் சராசரியாக எட்டுப் பெட்டி போதும். மீதி ஆறுக்கு இன்னும் இருபத்தொன்பது வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரி பன்னிரண்டு. ஆக மொத்தம் முப்பத்தேழு. பெட்டி 500 ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டு ஜோடிக்கு 18,500 ரூபாய், கூடவே இருபத்தைந்து ரிப்பீட்டு. இது எல்லா வகையும் சமம் என்ற தாராளமான கணக்கு. லபுபு பொம்மையால் உலகமறிந்த பாப் மார்ட் நிறுவனத்தின் தொடர்களில் 'ரகசிய' உருவத்துக்கு 72இல் 1, 144இல் 1 என்றெல்லாம் வாய்ப்பு வைக்கிறார்கள். அங்கே என் கணக்கு தாங்காது.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? பெட்டிக்கடையில் தொங்கிய பிரைஸ் அட்டையைக் கிழித்து வளர்ந்த தலைமுறைதானே நாம். கிண்டர் ஜாய் முட்டைக்கு அழாத பிள்ளை வேலூரிலும் இல்லை, வாணியம்பாடியிலும் இல்லை. ஆனால் பிரைஸ் அட்டையில் ஒரு நேர்மை இருந்தது: பரிசுகள் எல்லாம் அட்டையின் மேலேயே கட்டித் தொங்கும், எது போயிற்று, எது மிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய பரிசு போன அட்டையை எந்தப் பையனும் தொடமாட்டான். இன்றைய பெட்டி அந்தத் தகவலையும் மறைத்துவிட்டது. லாட்டரியால் குடும்பங்கள் அழிகின்றன என்று 2003இல் அதைத் தடை செய்த மாநிலத்தில், சிறுமியருக்கான பொம்மைப் பெட்டியை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. பெட்டி நேரான சூதாட்டம் என்று நானும் சொல்லமாட்டேன்; ஏதோ ஒரு பொருள் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் விற்பது பொருளை அல்ல, பிரிக்கும் நொடியை. எம்ஜிஏ நிறுவனம் 2016இல் கொண்டுவந்த எல்.ஓ.எல். சர்ப்ரைஸ் பந்தில் ஏழு அடுக்கு உரித்தால்தான் முழுசும் கைக்கு வரும். அதில் ஷூவுக்கென்றே ஓர் அடுக்கு. உரித்த பிளாஸ்டிக்கைக் குவித்தால் பொம்மையைவிட உயரமாக நிற்கும்.

ரிப்பீட்டு வந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். நியாயமானதுதான். மாற்றிக்கொள்ள நாலு பேர் இருந்தால் முப்பத்தேழு என்ற எண் சட்டென்று இறங்கும், கூடவே பேரமும் பேச்சும் நட்பும் வரும். சேகரிப்பின் மிக அழகான பக்கம் அது. ஆனால் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு நம் நாட்டில் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70ஐத் தொட்டது. விலை ஏறினால் வாங்குபவர் குறைவார், வாங்குபவர் குறைந்தால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது. ஒரு தெருவில் ஒரே ஒருத்தி சேகரித்தால் ரிப்பீட்டெல்லாம் அவள் டப்பாவிலேயே கிடக்கும்.

இன்னொரு குறை, ஷூ ஊர்க்காரர்களுக்கு உடனே உறைக்கும்: அளவு. எல்லாப் பொம்மைக்கும் கால் ஒன்றல்ல. 2016இல் வந்த பூசின உடல் பார்பிக்குப் பழைய பார்பியின் ஷூ ஏறாது. பிராட்ஸ் பொம்மைக்குக் கதையே வேறு. அங்கே ஷூவும் பாதமும் ஒன்று, பாதத்தோடு கழற்றித்தான் மாட்ட வேண்டும். பெட்டியில் வரும் குட்டி ஷூக்கள் பலவும் எந்தக் காலுக்கும் செய்யப்பட்டவையே அல்ல, அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும். நம் ஊர்க் கம்பெனியில் லாஸ்ட் இல்லாமல், அதாவது கால் எது என்று முடிவாகாமல், ஒரு பீஸ் தோல்கூட வெட்டமாட்டார்கள். காலே இல்லாத ஷூ ஓர் அலங்காரம். அதில் தவறில்லை. பொம்மைக்கு என்று நம்ப வைத்து விற்பதில்தான் தவறு.

மூலப்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் பாலாற்றுக் கரையில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக்கைப் பழிக்கக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். குரோமியம் போட்டுத் தோல் பதனிட்டு ஆற்றையும் கிணற்றையும் என்ன செய்தோம் என்பதற்கு 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பே சாட்சி. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருந்தது. ஒரு ஜோடி குட்டி பிளாஸ்டிக் ஷூவின் பாவம் அதன் முன் சின்னதுதான். ஆனால் தோல் ஷூ வருஷக்கணக்கில் உழைக்கும். இது எதற்கும் உழைப்பதில்லை. மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் மேலே கசிந்து பிசுபிசுக்கும், பொம்மையின் காலிலும் கறை பிடிக்கும். 2021 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அந்தத் தர விதிகளில் இந்த ரசாயனங்களுக்கும் வரம்பு உண்டு. முத்திரை இல்லாத மலிவுப் பையில் வரும் ஷூக்களை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் நான் சேர்க்கமாட்டேன்.

தடை கேட்பது எளிது. இதற்குத் தடை தேவையில்லை. சீனா 2023இல் கொண்டுவந்த வழிகாட்டு விதிகள் இரண்டு விஷயத்தைப் பிடித்தன: எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூடிய பெட்டியை விற்கக் கூடாது, எது எத்தனைக்கு ஒன்று வரும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்கேயும் இது போதும். பெட்டியின் முதுகில் விகிதம் அச்சாகிவிட்டால் அப்பாக்கள் மீதிக் கணக்கைப் பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. பிரித்த ஜோடிகளைத் தனியாக விற்பவர்கள் ஆன்லைனில் உண்டு. அபூர்வ வகைக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், மற்றவை பெட்டி விலைக்குக் கீழே வந்துவிடும். பரபரப்பு இருக்காது, உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் புரட்டிய படத்தைப் பார்த்து, அச்சுக் கோடு துருத்துகிறதா, ஹீல் வளைந்திருக்கிறதா, இரண்டின் நிறமும் ஒன்றா என்று கேட்டு வாங்கலாம். நேரில் வாங்கக் கிடைத்தால் பொம்மையையும் கையோடு கொண்டு போய் மாட்டிப் பார்த்துவிடலாம்.