தேடுபொறியும் பூலின் அளவையும்

கோடிக்கணக்கான ஆவணங்களுள் வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்தல் பொறியாலன்றி இயலாது. அதற்கு அடிப்படையான அளவை முறையை வகுத்தவர் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞராவர். அயர்லாந்தின் கோர்க் நகரக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த இவர், 1854இல் வெளியிட்ட சிந்தனை விதிகள் பற்றிய நூலில், எண்ணங்களையும் இயற்கணிதக் குறிகளாற் கையாளலாமெனக் காட்டினார்.

தேடுபொறி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணங்களில் வருகின்றதென முன்னரே அட்டவணை அமைத்துக்கொள்ளும். 'நெல்லும் நோயும்' என வினவின், இரு சொற்களையும் உடையவற்றை மட்டுமே தரும். 'நெல் அல்லது அரிசி' எனின், ஒன்றையேனும் உடையன யாவற்றையும் தரும். 'நெல் உண்டு, நோய் இல்லை' எனின், நோய் என்னுஞ் சொல் வருவனவற்றைக் கழிக்கும்.

இம்முறையின் சிறப்பு அதன் தெளிவாகும். ஓர் ஆவணம் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங் காட்டலாம். குறையும் அத்தெளிவினின்றே பிறக்கின்றது. உண்டு, இல்லை என்னும் இரண்டன்றி மூன்றாவதை அஃது அறியாது. ஐந்து சொற்களை உம்மையால் இணைத்தவிடத்து, நான்கு உடைய ஆவணமும் ஒன்றுமே இல்லாத ஆவணமும் ஒருங்கே தள்ளப்படும். கொள்ளப்பட்டவற்றுள்ளும் முந்தியது, பிந்தியது என்னும் வரிசை இல்லை.

இக்குறையின் அளவை 1985இல் பிளேயர், மாரன் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஏறத்தாழ 40,000 சட்ட ஆவணங்களில் இவ்வாறு தேடுவித்த வழக்கறிஞர், வேண்டியவற்றுள் நூற்றுக்கு 75 வீதமேனும் கிடைத்தனவென நம்பினர். உண்மையிற் கிடைத்தவை சராசரியாக 20 வீதமே. ஒரு சாரார் 'விபத்து' என்றதனை மறுசாரார் 'சம்பவம்' எனவும் 'பிரச்சினை' எனவும் எழுதியிருந்தனர். அளவை வழுவவில்லை, சொல்லும் பொருளும் ஒன்றெனக் கொண்டதே வழுவாயிற்று.

வரிசைப்படுத்தும் முறை இக்குறையை ஓரளவு தீர்த்தது. அரிதாக வருஞ் சொல்லுக்கு மிகுந்த நிறை அளித்தல் வேண்டுமென 1972இல் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் நிறுவினார். நிறைகளைக் கூட்டி ஒழுங்குபடுத்தின், நான்கு சொற்களை உடைய ஆவணமும் தனக்குரிய இடத்தைப் பெறும். ஆயினும், பல காரணிகள் கலந்த வரிசையில் ஓர் ஆவணம் ஏன் முதலில் நிற்கின்றதென விளக்குதல் எளிதன்று. கடைசியில் நிற்பதனைப் படிப்பாரும் அரியர். ஆதலாற்றான் மருத்துவ ஆய்வுகளை முற்றாகத் திரட்ட முயல்வோர் இன்றும் பூலின் முறையைக் கைவிடவில்லை. 'அல்லது' என்பதனால் ஒருபொருட் சொற்களை அடுக்கி, அதன் குறையையும் அவர்கள் குறைக்கின்றனர்.

எனவே, ஒன்று கொள்ளத்தக்கது, மற்றையது தள்ளத்தக்கது எனல் பொருந்தாது. முற்றத் தேடுவார்க்கு அளவையும், விரைந்து தேடுவார்க்கு வரிசையும் உதவும். எம்முறையிலும் கிடையாமை இன்மையாகாது என்பதனைக் கற்போர் உளங்கொள்ளல் வேண்டும்.