துபாஷி பேசாத பேச்சு

ஆனந்தரங்கப் பிள்ளை என்றதும் 'பெரிய வரலாற்று ஆதாரம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். 1736இல் தொடங்கி ஏறக்குறைய சாகும்வரை எழுதிய புதுச்சேரி நாட்குறிப்பு. ஆதாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது, பிழைப்புக்காக அடுத்தவர் பேச்சையே பேசிய ஒருத்தர் தனக்காகப் பேசிக்கொண்ட இடமாகத்தான் தெரிகிறது.

துபாஷி என்றால் இரு மொழிக்காரர். 1747இல் கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் தலைமை துபாஷி ஆனபோது மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பகுதி மட்டும்தான். நவாபுகளுக்கும் கும்பனிக்கும் நடுவே தூது, கடிதம், வெகுமதி, சரக்கு எல்லாம் அவர் கைவழி போயின. முசாபர் ஜங்கிடம் மன்சப் பட்டமும் வாங்கினார்.

கவர்னர் தன்னைப் புகழ்ந்ததையெல்லாம் விடாமல் எழுதிவைக்கிறார். படித்தால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருக்கும். தன் செல்வாக்கு இன்னொருத்தர் தயவில் நிற்கிறது என்று தெரிந்த மனுஷன் எழுதும் கணக்கு அது. 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோது மனம் நொந்து எழுதினார். மதாம் துய்ப்ளேக்ஸ்மேல் கோபப்பட்டார். பதவியை மட்டும் விடவில்லை. அந்தக் கோபம் தாளில்தான் இறங்கியது. அதுவும் பண்டிதத் தமிழில் இல்லை. முசே, கும்பனி என்று வாய்க்கு வந்த பேச்சுத் தமிழில். நாட்குறிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எங்கள் சாமளாபுரம் பக்கம் பாவும் நூலும் ஒருவர் கொடுக்க, கூலிக்கு நெய்து துணியைத் திருப்பிக் கொடுப்பதுதான் பல விசைத்தறிக்காரர்களுக்குப் பிழைப்பு. நடுவில் நிற்கிறவர் பேச்சு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கும்பனிக் கப்பல்களில் ஏறிய முக்கியச் சரக்கு துணி. அந்தத் துணிக்கட்டுகள் வரும் பக்கங்களில் வியாபாரிகள் பேசுகிற அளவுக்கு நெய்தவர்கள் பேசுவதில்லை. தனக்கு மேலே இருப்பவர்களின் முகக்குறிப்பைக்கூட அத்தனை நுணுக்கமாகப் பிடித்த காது, கீழே அவ்வளவாகத் திரும்பவில்லை.

1756இல் பதவி போனது. 1761 ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அவரைத் தமிழ்ப் பெருமையாகத் தூக்கிவைக்க வேண்டாம், துரோகி என்று தள்ளவும் வேண்டாம். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு எது கேட்கும், எது கேட்காது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள். தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேட்காத பகுதி இன்னும் நன்றாகவே கேட்கும்.