தெரிந்ததைச் சொல்லும் ஆசிரியர்: செகாவின் கதையும் தமிழ் மொழிபெயர்ப்பும்

உருசிய எழுத்தாளர் அந்தோன் செகாவ் (1860–1904) எழுதிய ‘இலக்கிய ஆசிரியர்’ என்னும் கதை, சிறுநகர்ப் பள்ளியாசிரியரின் அன்றாட வாழ்வைப் பொருளாகக் கொண்டது. இதன் முதற்பகுதி 1889ஆம் ஆண்டு தனிக்கதையாக வெளிவந்தது. இரண்டாம் பகுதி சேர்ந்து 1894இல் கதை முழுமை பெற்றது. கதைத்தலைவர் நிகீத்தின் இலக்கியம் கற்பிக்கும் இருபத்தாறு வயது இளைஞர். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருப்பவர் இப்பொலீத் இப்பொலீத்திச். இவர் புவியியலும் வரலாறும் கற்பிப்பவர். மாணவர் வரைந்த நிலப்படங்களை நீலப் பென்சிலால் திருத்துவதிலும், ஆண்டு வரிசைப் பட்டியல்கள் அமைப்பதிலும் இவருடைய இரவுகள் கழிகின்றன. எல்லாரும் அறிந்தவற்றை மட்டுமே பேசுவது இவரது இயல்பு. இவரை நகைச்சுவைக்குரிய துணைமாந்தராகக் கொள்வது எளிது. ஆனால் இக்கதையைத் தமிழாக்குவோர்க்கு உரைகல்லாக அமைபவர் இவரே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. செய்தியற்ற தொடர்கள்

கிரைஸ் (1975) வகுத்த உரையாடல் விதிகளுள் ஒன்று அளவு பற்றியது. கேட்பவர்க்குத் தேவையான அளவு செய்தியைக் கூறவேண்டும் என்பது அதன் சாரம். இப்பொலீத்தின் பேச்சு இவ்விதியை இடையறாது மீறுகிறது. நிகீத்தினின் திருமணத்தன்று அவர் கையை அழுத்திப் பற்றி, இதுவரை மணமாகாது தனியே வாழ்ந்தவர் இனி மணமாகி இருவராக வாழ்வார் என்கிறார். பின்னர் நோயுற்றுத் தன்னினைவிழந்து இறக்கும் தறுவாயிலும், வோல்கா ஆறு காஸ்பியன் கடலில் கலப்பதையும் குதிரைகள் தின்னும் தீனியையும் பற்றியே பிதற்றுகிறார்.

இவற்றை வெறும் வெற்றுரை எனத் தள்ளுதல் பொருந்தாது. வகுப்பறைத் தொடர் ஒவ்வொன்றும் கற்பிப்பவர்க்குத் தெரிந்தது, கற்பவர்க்குப் புதியது. ஆண்டுதோறும் மாணவர் மாறுகின்றனர்; தொடர் மாறுவதில்லை. வகுப்பறைக்குள் செய்தியாக விளங்கும் தொடர், வாயிலைக் கடந்ததும் செய்தியை இழக்கிறது. இப்பொலீத்திடம் காணப்படுவது அறிவின்மையன்று. தொழில்மொழி வாழ்க்கைமொழியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட நிலை. மேலும், மாலினோவ்ஸ்கி (1923) சுட்டிய உறவுப்பேச்சு, செய்திக்காகவன்றி நெருக்கத்திற்காகவே நிகழ்வது. ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று நம்மவர் கேட்பதும் அவ்வகையினதே. திருமண வாழ்த்தில் செய்தி இல்லை, அன்பு நிறைந்திருக்கிறது.

2. இரட்டை வழக்கும் மொழிபெயர்ப்பும்

தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இலக்கண அளவிலேயே வேறுபடுகின்றன. உருசிய மொழியில் நடை வேறுபாடு உண்டெனினும் தமிழில் உள்ளது போன்ற இரட்டை வழக்கு இல்லை. எனவே மூலத்தில் எழாத வினா ஒன்று தமிழில் எழுகிறது: இப்பொலீத் ‘கலக்கிறது’ என்பாரா, ‘கலக்குது’ என்பாரா?

உரையாடல் அனைத்தையும் பேச்சு வழக்கில் தருவது இன்று பலர் பின்பற்றும் முறை. இங்கு அம்முறை இழப்பை உண்டாக்கும். ‘கலக்குது’ என்னும்போது தொடரின் பாடநூல் மணம் மறைந்துவிடும். அவர் ஏதோ உளறுகிறார் என்ற அளவே எஞ்சும். ஏனைய மாந்தரைப் பேச்சு வழக்கிலும் இவரை மட்டும் எழுத்து வழக்கிலும் பேசவைப்பதே பொருத்தமாகும். திருமண மேடையிலும் வகுப்பறைத் தமிழையே பேசும் ஆசிரியரைத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நினைவிழந்தவர் எழுத்து வழக்கில் பிதற்றுவது இயற்கைக்கு மாறானது. அந்நிலையில் வீட்டுமொழியே வெளிப்படும் என்பர். மறுப்பு நியாயமானதே. எனினும் கதையின் துயரம் அங்குதான் உள்ளது. இறுதி வேளையிலும் அவருக்கு வாய்ப்பது பாடநூலின் மொழியே. வேறு வீட்டுமொழி எஞ்சவில்லை என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

ஆயினும் எல்லை ஒன்று தேவை. இத்தொடர்களில் அருஞ்சொற்களைப் பெய்தால் அவர் கேலிப்படமாகிவிடுவார். பழமொழிகளாக மாற்றினால் ஞானியாகிவிடுவார். இரண்டும் மூலத்திற்குப் புறம்பானவை. எளிய சொல், முழுமையான வினைமுற்று, ‘நீங்கள்’ என்னும் மரியாதைப் பன்மை ஆகியவை போதும்.

3. நாட்குறிப்பின் சொல்

கதையின் முடிவில் நிகீத்தின் தம் நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதுகிறார். திருமணத்தை விரிவாக வருணித்த அதே நாட்குறிப்பில் இப்போது தயிரேட்டுச் சட்டிகள், பால் குடங்கள், கரப்பான்பூச்சிகள் எனப் பொருள்கள் அடுக்கப்படுகின்றன. அவர் இங்கு ஆளும் ‘பொஷ்லஸ்த்’ என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர்க்குக் கடினமானது. ‘சாதாரணம்’ என்பதில் வெறுப்பு இல்லை, ‘சலிப்பு’ சூழலை விடுத்து உணர்வை மட்டும் குறிக்கிறது, ‘ஆபாசம்’ திசைமாற்றிவிடும். ‘அற்பத்தனம்’ என்பதே ஓரளவு நெருங்கி வருகிறது.

இச்சொல்லை இப்பொலீத்துக்கும் உரியதாக்குவது பிழையாகும். அவர் இறந்த பின்னரே நாட்குறிப்பில் இச்சொல் இடம்பெறுகிறது. நிறைவுற்ற இல்லறமும் வசதியும் நிகீத்தினை மூச்சடைக்கச் செய்வதற்கு அது பெயரிடுகிறது. தாம் ஆசிரியரல்லர், வெறும் அலுவலர் என்ற ஐயமும் அவரை வாட்டுகிறது. நீலப் பென்சிலுடன் இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு அவ்வையம் எழவில்லை.

சொல்வளம் மிக்க இலக்கிய ஆசிரியர் இறுதியில் வீட்டுப் பொருள்களைப் பட்டியலிடுகிறார். சொல்வறுமை உடையவராகத் தோன்றிய புவியியல் ஆசிரியர் வாழ்த்தும்போது கையை அழுத்திப் பற்றுகிறார். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் தமிழாக்கமே, பள்ளியாசிரியரின் அன்றாடத்தை இகழாமலும் புகழ்ந்து மெருகூட்டாமலும் காட்ட வல்லது. அதற்கு முதற்படி, தெரிந்ததைச் சொல்லும் தொடரைத் தெரிந்த சொற்களிலேயே விட்டுவைப்பதாகும்.