அண்ணாந்து பாராத மனிதர்கள்

இயற்கையின் முன் மனிதன் கொள்ளும் அச்சத்தைச் சித்திரிக்க விழையும் ஓவியர், பெரும்பாலும் அஞ்சும் மனிதரையே வரைவர். டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் 1633இல் தீட்டிய கலிலேயாக் கடற்புயல் ஓவியத்தில், அலையில் தத்தளிக்கும் படகையும் அதில் கலங்கி நிற்போரையும் காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 1643இல், அவர் படைத்த ‘மூன்று மரங்கள்’ என்னும் எட்சிங்கில் அஞ்சுவோர் எவருமில்லை. எனினும் அச்சத்தின் ஆழத்தை உணர்த்துவது இதுவே என்பது நம் கருத்து.

மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கச் செய்து, அப்பள்ளங்களில் மை நிரப்பி அச்சிடும் கலை எட்சிங். சுமார் 21 செ.மீ. உயரமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட இச்சிறு தாளின் பெரும்பகுதி வானத்துக்கே உரியது. இடப்புற மேல்மூலையில், அடிகோல் வைத்து இழுத்தாற்போன்ற சாய்கோடுகள் மழையாக இறங்குகின்றன. வலப்புற மேட்டில் மூன்று மரங்கள் ஒளிக்கு எதிரே கருத்து நிற்கின்றன.

கீழே நீரோரத்தில் ஒருவர் தூண்டிலிட்டிருக்கிறார். அருகில் ஒரு பெண். புதருக்குள் காதலர் இருவர். மேட்டில் ஒரு வண்டி. அங்கேயே அமர்ந்து ஓர் ஓவியன் எதையோ வரைகிறான். அவன் முகமும் புயலுக்கு எதிர்த்திசையிலேயே உள்ளது.

மூன்று மரங்களில் மூன்று சிலுவைகளைக் கண்டோர் உண்டு. 1642இல் மனைவி சாஸ்கியாவை இழந்த துயரைக் கண்டோரும் உண்டு. இவ்விளக்கங்கள் மரங்களை நோக்குகின்றன, மனிதரை விட்டுவிடுகின்றன. புயல் நீங்குகிறது, ஆகவே அவர்கள் அமைதியாக உள்ளனர் என்றும் வாதிடலாம். ஆனால் நீங்கும் புயலையும் ஒருமுறையேனும் திரும்பிப் பார்ப்பது மனித இயல்பன்றோ?

கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நிலங்கள் நிறைந்த நாடு ஹாலந்து. பேம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து 1612இல் வயலாக்கிய மக்கள் அவர்கள். நீரிடமிருந்து பெற்ற நிலத்தில் அன்றாடம் வாழ்வோருக்கு ஆபத்தும் பழகிப்போகும். அவர்களது அமைதியைத் துணிவு என்பதைவிடப் பழக்கம் என்பதே பொருந்தும்.

அரபு அகராதி அறிஞர்கள் ‘கவ்ஃப்’ என்பதைப் பொதுவான அச்சமாகவும், ‘கஷ்யத்’ என்பதை ஒன்றின் மகத்துவத்தை அறிந்ததால் எழும் அச்சமாகவும் பிரித்துரைப்பர். முன்னது 1633ஆம் ஆண்டுப் படகில் உள்ளது. பின்னது இச்சித்திரத்தினுள் எவரிடமும் இல்லை. தூண்டில்காரரையும் மேகத்தையும் ஒருசேரக் காணும் நம்மிடமே அது எழுகிறது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவ்வோவியனும் பார்க்கத் தவறியதை, நாம் பார்க்குமாறு ரெம்பிராண்ட் செய்திருக்கிறார்.